டீச்சரிடம் கேளுங்கள்: ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தேன்: தொடக்கப்பள்ளி வகுப்பறையில் உங்களை அதிகமாக வாட்டுவது எது? வந்த கடிதங்களைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆனது. சிலவற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன், ஏனென்றால் 34 வருடம் டெல்டா கிராமங்களில் நான் பட்டதை யாரோ அப்படியே எடுத்து எழுதியது போல இருந்தது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுத் தந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் மொத்தம் 21 பிள்ளைகள். தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். அவர் பாதி நாள் கூட்டம், பதிவேடு, பேங்க் என்று போய்விட, ஐந்து வகுப்பும் என் தலையில். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டுவதற்குள் ஐந்தாம் வகுப்பில் சண்டை வந்துவிடுகிறது. "21 பிள்ளைதானே, அதற்கே இவ்வளவு அலுப்பா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.
— இடைநிலை ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில் இருக்கிறது அம்மா, கணக்காகவே இருக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நாலு நாலு பாடம். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி, ஆக ஐந்து ஐந்து. கூட்டிப் பாருங்கள், 23 பாடம். தலைமையாசிரியர் வெளியே போன நாளில் அந்த 23 பாடத்துக்கும் ஆள் நீங்கள் ஒருவர்தான். வீட்டில் அடுத்த முறை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளிக்கு ஏன் இரண்டு பேர்தான் என்பதற்கும் காரணம் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நாலு. தலையைத்தான் எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. அதனால் தாளில் உங்கள் பள்ளி பத்துப் பிள்ளைக்கு ஒரு டீச்சர் உள்ள பள்ளியாகத் தெரியும். உள்ளே வந்து நின்று பார்ப்பவருக்குத்தான் ஐந்து வயதும் பத்து வயதும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பது தெரியும். இது மாற வேண்டும் என்று நான் வேலையில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

சரி, அது மாறும்வரை நாளைக் காலையில் என்ன செய்வது? வகுப்பு என்ற கோட்டை மனதிலிருந்து கொஞ்சம் அழித்துவிடுங்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் படிநிலைப்படி பிரித்தார்களே, அதில் எனக்குப் பல குறைகள் தெரிந்தாலும் அந்த அடிப்படை யோசனை சரியானது. கதை, பாட்டு, படம் பார்த்துப் பேசுவது இதெல்லாம் ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே நடக்கலாம். கணக்குக்கும் வாசிப்புக்கும் மட்டும் மூன்று குழுவாக உட்கார வையுங்கள். ஒரு குழுவிடம் 15 நிமிடம் நீங்கள் உட்கார்ந்தால், மற்ற இரண்டு குழுவுக்கும் உங்களைக் கூப்பிடத் தேவையில்லாத வேலை கையில் இருக்க வேண்டும். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று எழுதி வைத்தால் பிள்ளைகள் தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள். அந்த அட்டைகள் எழுத எனக்கு ஒரு முழு கோடை விடுமுறை ஆனது, ஆனால் அப்புறம் ஒன்பது வருடம் அவைதான் என்னைக் காப்பாற்றின.

பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் பிரம்பு இல்லாத வாத்தியாராக அவர்களை நிறுத்தி "பேசுறவன் பேரை எழுது" என்று சொல்லாதீர்கள். அந்தப் பேர் எழுதும் பழக்கத்தால் ஊரில் இரண்டு குடும்பம் பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தலைமையாசிரியர் வெளியே போன நாட்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். அவர்மேல் புகார் சொல்ல இல்லை, அவரும் பாவம் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிறவர்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இந்த மாதம் இத்தனை நாள் ஒரே ஆள்தான் இருந்தோம்" என்று படியுங்கள். பெற்றோர் கேள்வி கேட்டால் அதிகாரிகள் காதில் விழும்.

நாலாம் வகுப்பு. ஒரு பையன் பாடத்தை மளமளவென்று சொல்கிறான், ஆனால் நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறான். எழுதினால் 'இலை' 'எல' ஆகிறது, 'உடம்பு' 'ஒடம்பு' ஆகிறது. மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கோபம் வருகிறது. இப்போது நான் என்ன செய்ய?
— ஆசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

தம்பி, முதலில் அந்தக் கோபத்தை வைத்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கும் ஒரே சமயத்தில் இரண்டு வகுப்பு இருந்திருக்கலாம். அல்லது கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது எழுத்து பிடிபடாமல் போன ஒரு அக்காவோ அண்ணனோதான் இவனுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அவன் பாடம் சொல்கிறானே, அது கூட்டு வாசிப்பில் காதால் பிடித்தது. கண்ணால் படித்ததில்லை. 40 பேர் சேர்ந்து சத்தமாகப் படிக்கும்போது யார் படிக்கிறார்கள், யார் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று டீச்சருக்குத் தெரியாது. நீங்கள் நடுச்சொல்லைக் காட்டிச் சோதித்தது சரியான வழி, எத்தனையோ பேர் அதைச் செய்வதே இல்லை.

அடுத்து, எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'படிக்கத் தெரியாது' என்பது ஒரே நோய் இல்லை. தனி எழுத்தே தெரியவில்லையா? எழுத்து தெரிந்து உயிர்மெய்யில் தடுக்குகிறதா? சொல் வாசித்து, வரியாக வரும்போது மறந்துபோகிறதா? பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான். நம் எழுத்தில் பிள்ளைக்கு உண்மையாகவே கஷ்டமான இடங்கள் இருக்கின்றன, நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. 'தேன்' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு, ஆனால் வாய் தகரத்தில் தொடங்க வேண்டும். 'கோழி'யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து நடுவில். ஆகாரத்துக்குத் துணைக்கால் என்று ஒரு அடையாளம் இருக்கிறது, உகரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. கு, டு, து, மு, ரு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைகிறது. அதைப் பிள்ளை தனித்தனியாகத்தான் பழக வேண்டும். 247 எழுத்தையும் அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு "எழுத்து எல்லாம் தெரியும், வாசிக்க மட்டும் வராது" என்று சொல்லும் டீச்சர்கள் நிறைய. அட்டவணையில் வரிசை கையைப் பிடித்துக் கூட்டிப் போகும், சொல்லில் அந்தக் கை இருக்காது.

'எல', 'ஒடம்பு' விஷயத்தில் நான் அவன் பக்கம். அவன் தப்பாகக் கேட்கவில்லை. வீட்டில், தெருவில், உங்கள் வாயிலும் என் வாயிலும்கூட அது எல, ஒடம்பு, வெளக்குதான். காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் அடிக்காமல், "நாம பேசும்போது எலன்னு சொல்றோம், எழுதும்போது இலைன்னு எழுதுவோம்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒரு தாளில் இப்படிச் சோடி சேர்த்துக்கொண்டே போனால் பிள்ளைகளே புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள்.

தினமும் பத்து நிமிடம் அவனுக்கு மட்டும் கொடுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம். அவன் ஒரு வரி சொல்லட்டும், "எங்க ஆடு நேத்து குட்டி போட்டுச்சு" என்று ஏதோ ஒன்று. அதை நீங்கள் பெரிதாக எழுதுங்கள், அவன் தொட்டுத் தொட்டுப் படிக்கட்டும். தன் வரியை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அவனைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மட்டும் உட்கார வைக்காதீர்கள், அந்த அவமானத்தில் இருக்கிறதும் மறந்துபோகும். விடாமல் இரண்டு மூன்று மாதம் செய்தும் நகரவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனை அதற்கும் முன்னால்.

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பாதி வகுப்பு 35 என்று எழுதுகிறது. நூறு தடவை சொல்லியாயிற்று.
— ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

அவர்கள் இரண்டில் ஏழு போகாது என்று பார்த்து, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே விடை எழுதுகிறார்கள் என்றால் கவனக்குறைவு கிடையாது, ஒரு விதியை அவர்களாகவே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். 'கடன் வாங்கு' என்று பலகையில் சொல்வதை ஒரு வாரம் நிறுத்துங்கள். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து 27 கேளுங்கள். கட்டைப் பிரிக்காமல் ஏழு தர முடியாது என்று கைக்குத் தெரிந்தால் தலைக்கும் தெரிந்துவிடும்.

எழுத வெட்கமாக இருக்கிறது. போன வாரம் மதியம் இரண்டரை மணிக்கு ஒரு பையனை முதுகில் அடித்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அவன், பென்சிலைத் தட்டிக்கொண்டே இருந்தான். அடித்த பிறகு வகுப்பு முழுக்க அமைதி. அந்த அமைதி இன்னும் காதிலேயே இருக்கிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?
— பெயர் வேண்டாம்

அடித்தது தப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடலில் அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் இரண்டையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தப்புதான். அது உங்களுக்குத் தெரிந்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் அடித்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மேசைமேல் பிரம்பு இருக்கும், அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இரண்டு நாளாக எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டச் சொன்னேன், இடது கையை நீட்டினாள். வலது கை என்றேன். நீட்டினாள், அடித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அந்தப் பிள்ளை கஞ்சி வடித்திருக்கிறாள், கொட்டிவிட்டது. சொன்னால் அம்மா திட்டுவாள் என்று மறைத்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு மேசைமேலிருந்த பிரம்பை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். அந்தக் கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீங்கள் சொல்லும் அந்த அமைதி எனக்குத் தெரியும்.

அன்று காலையில் உங்களுக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயம் ஏதாவது நடந்திருக்கும். யாரோ அதிகாரி உங்களைத் திட்டியிருப்பார், பஸ் தவறியிருக்கும், டேப்பில் வருகைப்பதிவு ஏறியிருக்காது. மேலே இருப்பவர் நம்மேல் இறக்குவதை நாம் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை, அதனால் அது அறையில் இருப்பவர்களிலேயே சின்ன ஆளின் முதுகில் போய் விழுகிறது. தொடக்கப்பள்ளியில் அந்தச் சின்ன ஆளுக்கு ஆறு வயது. இந்த ஒன்றைத்தான் நான் எல்லாக் கடிதங்களுக்கும் சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன்: சலிப்பு வரட்டும், கோபம் வரட்டும், அதில் நியாயமும் இருக்கும், ஆனால் அதைக் கீழே இறக்காதீர்கள். மேலே அனுப்புங்கள், எழுதி அனுப்புங்கள், கூட்டத்தில் சொல்லுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அடித்தது எல்லோர் முன்னாலும் என்றால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும். "அன்னைக்கு நான் உன்னை அடிச்சது தப்பு, இனி அடிக்க மாட்டேன்" போதும், 'ஆனால் நீயும்' என்று அதில் சேர்க்காதீர்கள். அவன் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள், தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். அப்புறம் இரண்டரை மணி. சாப்பிட்ட பிறகு, வெயிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, பிள்ளைகளுக்கும் தூக்கம், உங்களுக்கும் அலுப்பு. அந்த நேரத்தில் எழுத்து வேலை வைக்காதீர்கள். பாட்டு, படம் வரைவது, மரத்தடியில் கதை, இதற்கு அந்த மணியை ஒதுக்குங்கள். கோபம் ஏறுவது உங்கள் உடம்புக்கு முன்னாலேயே தெரியும், எனக்குக் காது சூடாகும். அப்போது கதவருகே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், வகுப்பு அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

லாயக்கா இல்லையா என்ற கேள்விக்கு: இதே கடிதத்தை மறுபடி நீங்கள் எழுத வேண்டி வந்தால் அப்போது யோசிப்போம்.

வருகைப்பதிவு, பயிற்சித்தாள் மதிப்பீடு, எடை உயரம், ஆதார் விவரம், விலையில்லாப் பொருள் பதிவு, எல்லாம் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் செய்ய மாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?
— ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

27-வது பிரிவு இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை, இந்த மூன்றையும் தவிரக் கல்வி சாராத வேறு எதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் எமிஸில் ஏற்றுவதைத் துறை பள்ளி வேலையாகத்தான் பார்க்கிறது, அதனால் 'மாட்டேன்' என்று அந்தப் பிரிவைக் காட்டி நிற்பது சுலபமில்லை. அப்படி நின்று ஓய்ந்துபோனவர்களைத் தெரியும்.

எனக்கு அந்தப் பதிவின்மேல் வெறுப்பு கிடையாது. முன்பெல்லாம் செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. இப்போது எண்ணை வைத்துத் தேட முடிகிறது. நல்ல விஷயம். ஆனால் அதற்கான நேரம் யாருடைய நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. தினம் முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்தால் ஆண்டுக்கு 150 மணி நேரம் போய்விடும்.

ஆகவே இரண்டு வாரம் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பு நேரத்தில் எத்தனை நிமிடம் பதிவுக்குப் போனது என்று தினம் குறித்து வையுங்கள், உங்கள் ஒன்றியத்தில் இன்னும் பத்துப் பேரைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை வட்டாரக் கல்வி அலுவலர் மேசையில் வையுங்கள். 'சிரமமாக இருக்கிறது' என்ற மனுவை அவர் தினம் பார்க்கிறார், நிமிடக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார். அதுவரை வருகைப்பதிவை மட்டும் வகுப்பில் ஏற்றுங்கள். மற்றவை பிள்ளைகள் போன பிறகு. இது உங்கள் மாலை நேரத்தைத் தின்னும் என்று தெரியும், அதனால்தான் அந்தத் தாளை எழுதச் சொல்கிறேன்.

தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். 38 குழந்தைகள். தினம் நோட்டில் ஒரு பக்கம் எழுத வைக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு, இரவு பத்து மணிக்கும் பெற்றோர் வாட்ஸ்அப்பில் 'என் பொண்ணு எழுத்து ஏன் கோணலா இருக்கு' என்று கேட்கிறார்கள். குழந்தை அழுதுகொண்டே எழுதுகிறது, நான் கையைப் பிடித்து எழுதுகிறேன். சம்பளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.
— ஆசிரியை, சேலம்

நாலு வயது விரலுக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் வலு இன்னும் வந்திருக்காது. கோணலாக எழுதாமல் அது வேறு எப்படி எழுதும்? அந்த வயதில் விரலுக்குத் தேவை மாவு பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோர்ப்பது, மணலில் விரலால் வரைவது. ஒரு பக்கம் எழுதுவதற்கு முன்னால் பத்து நிமிடம் இதில் ஒன்றைக் கொடுங்கள், எழுத்தும் கொஞ்சம் நேராகும். நிர்வாகத்திடம் 'கையெழுத்துப் பயிற்சி' என்று சொல்லியே கேளுங்கள். உண்மையும் அதுதான்.

பெற்றோருக்குச் சொல்ல ஒரு ஆதாரம் தருகிறேன். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதைச் சொல்லி, அந்த இரண்டு வகுப்புக்கும் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்றாம் வகுப்புக்கே வேண்டாம் என்றால் எல்.கே.ஜி.க்கு எதற்கு?

வாட்ஸ்அப்பில் மாலை ஆறு மணிக்குமேல் பதில் போடுவதை நிறுத்துங்கள். முதல் வாரம் முறைப்பார்கள், இரண்டாவது வாரம் பழகிவிடும். சம்பளத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம் என்றாலும் நான் பேசுகிறேன். கூலி வேலையைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்து 38 பேருக்கு ஒரு ஆளை நிறுத்தும் பள்ளிகள் உண்டு, ஃபீஸ் கட்டும் பெற்றோர் யாரும் அதைக் கேட்பதில்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டிடத்தைப் பார்க்கிறீர்கள், 'டீச்சருக்கு என்ன சம்பளம்' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆனால் குரலே வருவதில்லை.
— ஆசிரியை, நாகர்கோவில்

கத்தி அடக்கிய வகுப்பு மறுநாள் இன்னும் பெரிய கத்தலைக் கேட்கும். கை தட்டல், சின்ன மணி, கையை உயர்த்தி நிற்பது என்று ஏதாவது ஒரு சைகையைப் பழக்குங்கள். கடைசி வரிசைக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசி வரிசைக்கு நடந்துபோய்ச் சொல்லுங்கள். பலகையை ஈரத் துணியால் துடையுங்கள், தூசி தொண்டைக்குப் போகாது. தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும் (கழிவறை சரியில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் டீச்சர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய விஷயம்). மூன்று வாரத்துக்குமேல் குரல் கட்டியே இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், பனங்கற்கண்டோடு நிறுத்தாதீர்கள்.

என் பேரன் மூன்றாம் வகுப்பு. டீச்சர் அவனை 'மக்கு' என்று சொன்னதாக வந்து சொல்கிறான். பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். நான் போய்ச் சண்டை போடலாமா?
— ஒரு பாட்டி, அரியலூர் மாவட்டம்

போங்கள் அம்மா, கண்டிப்பாகப் போங்கள், ஆனால் காலை பிரேயர் நேரத்தில் வேண்டாம். சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பிய பிறகு போய் உட்கார்ந்து, "இப்படிச் சொல்றான், ராத்திரி தூங்க மாட்டேங்குறான்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நூற்றில் எண்பது டீச்சருக்கு அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததே நினைவிருக்காது, நீங்கள் சொன்னால் சுருக்கென்று தைக்கும். நினைவிருந்தும் நியாயம் பேசினால் தலைமையாசிரியரிடம் போங்கள். அங்கேயும் கேட்கவில்லை என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் பேசலாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. கூடவே ஒன்று, அவனைப் பலகையிலிருந்து தூரத்தில் நிறுத்தி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பின்னாலிருந்து மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். என் வகுப்பில் 'மக்கு' என்று பேர் வாங்கிக்கொண்டு வந்த மூன்று பேரில் ஒருவனுக்குக் கண், ஒருத்திக்குக் காது.

ஒடிசாவிலிருந்து வந்த சிறுமி, இரண்டாம் வகுப்பு. ஒரு வார்த்தை பேசுவதில்லை.
— ஆசிரியை, திருப்பூர்

பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பல மாதம்கூட அப்படி இருப்பார்கள், பயப்படாதீர்கள். தினம் ஒரு ஒடியா சொல்லை அவள் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், தண்ணீர், சோறு, அம்மா என்று. பதிலுக்கு வகுப்பு ஒரு தமிழ்ச் சொல் தரட்டும். விளையாட்டில் நிறையப் பேசும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தமிழ் மைதானத்தில்தான் முதலில் வரும்.

12 வருடம் ஆயிற்று. காலையில் பள்ளி வாசலைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. விட்டுவிடலாமா?
— ஆசிரியர், கடலூர் மாவட்டம்

விடுங்கள் என்றும் விடாதீர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வயிற்றைப் பிசைவது பிள்ளைகளைப் பார்த்தா, அல்லது வாசலில் நிற்கும் மற்றவற்றைப் பார்த்தா? பிள்ளைகள் என்றால், அவர்கள் குரலே தாங்கவில்லை என்றால், வேறு வேலை பார்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை, பிள்ளைகளுக்கும் அது நல்லது. மற்றவை என்றால் இடமாறுதல் கலந்தாய்வு இருக்கிறது, நீண்ட விடுப்பு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். தூக்கம் போய், சாப்பாடு போய், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். நான் ஒரு தடவை மூன்று மாதம் விடுப்பு எடுத்தேன். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். திரும்பி வந்து இன்னும் 14 வருடம் வேலை பார்த்தேன்.

வரும் திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகச் சேர்கிறேன். முதல் நாள் கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?
— புது ஆசிரியை, மயிலாடுதுறை மாவட்டம்

வாழ்த்துகள் அம்மா. நகவெட்டி, சேஃப்டி பின், ஒரு சின்னத் துண்டு, சீப்பு, தேங்காய் எண்ணெய், அதிகப்படியாக இரண்டு சிலேட்டு, உடையாத பென்சில் ஒரு கட்டு. காலை உணவு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தாமதமாக வரும் பிள்ளைக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பசியோடு திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிய கை என்னுடையது, 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் வேலையில் இல்லையே என்று ஏங்கினேன். பிள்ளைகளின் பெயரை, வீட்டில் கூப்பிடும் பெயரோடு சேர்த்து முதல் வாரம் முடிவதற்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அப்புறம் துவைத்த டவுசர் ஒன்றும் பாவாடை ஒன்றும் பீரோவில் இருக்கட்டும். முதல் வாரத்தில் யாராவது உட்கார்ந்த இடத்திலேயே ஈரம் பண்ணிவிட்டு எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்களை வெளியே விளையாட அனுப்பிவிட்டு மாற்றிவிடுங்கள்.